பெட்ரோல் முள்: ஒரு சிறு வரலாறு

என் பெரியப்பாவிடம் ஒரு பழைய கார் இருந்தது. 1990ஆம் ஆண்டு வாக்கில், எனக்கு நினைவு தெரிந்த நாளிலேயே, அதற்கு இருபது வயதைத் தாண்டியிருந்தது. அந்த ஆண்டு அக்காவுக்கு மாப்பிள்ளை பார்ப்பதற்காகத் தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைக்கும், அங்கிருந்து உறவினர் வீடுகள் சிலவற்றுக்கும் அதில் போனோம். முதல் நாள் வண்டியை எடுத்துச் சென்று வந்தவன் அண்ணன். காலையில் பெரியப்பா சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் முள் எழுந்து நிறைவுக் கோட்டைத் தொட்டது. "பையன் டேங்கை நிரப்பி வைத்திருக்கிறான்" என்று அவர் மகிழ்ந்துகொண்டார். மகனைப் பற்றி அவர் பெருமையாகச் சொல்லி நான் கேட்ட மிகச் சில வாக்கியங்களில் அது ஒன்று.

இரவு திரும்பும் வழியில், ஒரத்தநாட்டுக்குச் சற்று முன்னால், வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. முள் அப்போதும் நிறைவுக் கோட்டில்தான் நின்றது. ஆகையால் பெட்ரோல் தீர்ந்திருக்கும் என்ற எண்ணம் ஒருவருக்கும் வரவில்லை. பானெட்டைத் திறந்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் துடைத்து, பேட்டரி முனைகளைச் சுரண்டி, ஒன்றரை மணி நேரம் போராடினார்கள். அவ்வழியே வந்த லாரிக்காரர் ஒருவர்தான் சாலையோரப் புளியங்கிளையிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து டேங்குக்குள் விட்டுப் பார்த்தார். குச்சியின் நுனி மட்டுமே நனைந்து வந்தது. பெரியப்பா அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். "நீங்கள் போட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன், அப்பா" என்றான் அவன்.

அன்று இரவு பெண்களும் குழந்தைகளும் காருக்குள்ளேயே உறங்கினோம். அந்தச் சம்பவம் வீட்டில் வெகுநாள் பேசப்பட்டது. முள் பொய் சொன்னது என்பதைக் காட்டிலும், எல்லோரும் ஏற்கெனவே நம்ப விரும்பியிருந்த ஒன்றையே அது சொன்னது என்பதுதான் என்னைப் பின்னாளில் யோசிக்க வைத்தது. அந்த முள்ளின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, அது மனிதன் தன்னிடம் எஞ்சியிருப்பதைத் தெரிந்துகொள்ளப் பட்ட பாட்டின் வரலாறாகவும் இருப்பதைக் கண்டேன்.

*

மோட்டார் வண்டியின் முதல் நெடும்பயணம் 1888 ஆகஸ்ட் மாதத்தில் நடந்தது. கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவருக்குச் சொல்லாமல், இரண்டு மகன்களையும் அழைத்துக்கொண்டு, மான்ஹைமிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அவருடைய மூன்று சக்கர வண்டியை ஓட்டிச் சென்றார். அந்த வண்டியில் எரிபொருளுக்கென்று தனித் தொட்டியே கிடையாது. கார்புரேட்டரில் நாலரை லிட்டர் கொள்ளும், அவ்வளவுதான். வழியில் வீஸ்லோஹ் என்ற ஊரின் மருந்துக்கடையில் லிக்ராயின் என்னும் கறை நீக்கும் திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டு அவர் பயணத்தைத் தொடர்ந்தார். அந்த மருந்துக்கடையை உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு அளவி என்ற ஒன்றுக்குத் தேவை எழவில்லை. இருப்பு எப்போதுமே குறைவு என்பதால், தீர்ந்துபோகும் என்பதை மனத்தில் வைத்துத்தான் வண்டியை எடுக்க வேண்டியிருந்தது.

1908இல் வெளிவந்து, 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்யப்பட்ட ஃபோர்டின் மாடல் டி காரிலும் டாஷ்போர்டில் பெட்ரோல் முள் கிடையாது. பெரும்பாலான வண்டிகளில் டேங்க் முன்னிருக்கைக்கு அடியில் இருந்தது. இருப்பை அறிய வேண்டுமானால் வண்டியை நிறுத்தி, இறங்கி, இருக்கை மெத்தையைத் தூக்கி, மூடியைத் திறந்து, கோடு போட்ட மரக்கோலை உள்ளே விட்டு, நனைந்த இடத்தைப் பார்க்க வேண்டும். எரிபொருளை உந்தித் தள்ளும் பம்பும் அதில் இல்லை. டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தன் எடையால் வழிந்து இறங்கியாக வேண்டும். ஆகவே, இருப்புக் குறைந்த நிலையில் செங்குத்தான மேட்டில் ஏறினால், முன்புறம் உயர்ந்து டேங்க் தாழ்ந்துவிட, என்ஜினுக்கு எரிபொருள் எட்டாமல் போய்விடும். அதற்கு ஓட்டுநர்கள் கண்ட வழி, வண்டியைத் திருப்பிப் பின்னோக்கியே மேட்டில் ஏறுவது. வேடிக்கையாகத் தோன்றினாலும், டேங்கில் எவ்வளவு இருக்கிறது, அது எப்படிப் பாய்கிறது என்பதைத் தெளிவாக அறிந்திருந்தவர்களின் செயல் அது.

அடுத்து வந்த மாடல் ஏ காரில், 1927 இறுதியில், டேங்க் கண்ணாடிக்கும் என்ஜினுக்கும் இடையில், ஓட்டுநரின் முகத்துக்கு நேராக அமைந்தது. டாஷ்போர்டின் பின்புறமே டேங்கின் சுவர். அதில் ஒரு துளை; துளையில் கண்ணாடி; கண்ணாடிக்குப் பின்னால் மிதவையோடு நேரடியாக இணைந்த எண்பட்டை. இடையில் ஒயரும் இல்லை, மின்சாரமும் இல்லை. முள்ளைப் பார்ப்பது டேங்குக்குள்ளேயே எட்டிப் பார்ப்பதற்குச் சமம். அந்த அளவி தவறாகக் காட்டுவது அரிது. அதன் நோய் வேறு: கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம் காய்ந்துபோனால் பெட்ரோல் கசிந்து டாஷ்போர்டில் வடியும். அந்த வண்டிகளைப் பேணுகிறவர்கள் இன்றும் அந்த வளையத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதே எளிமையின் இன்னொரு வடிவத்தைப் பைப்பர் கப் என்னும் சிறு விமானத்தில் காணலாம். விமானியின் கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் டேங்கின் மூடியில் ஒரு துளை. அதன் வழியே ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். கம்பியின் அடிநுனியில் ஒரு தக்கை. பெட்ரோல் குறையக் குறையக் கம்பி உள்ளே இறங்கும். கம்பி முற்றிலும் இறங்குவதற்குள் விமானி தரையைத் தேடிக்கொள்ள வேண்டும்.

*

சிக்கல் தொடங்கியது டேங்க் பின்புறத்துக்குப் போன பிறகுதான். பயணிகளிடமிருந்தும் என்ஜினின் சூட்டிலிருந்தும் பெட்ரோலை விலக்கி வைப்பது பாதுகாப்பு என்பதால் வண்டிகளின் வால்பகுதிக்கு டேங்க் நகர்ந்தது. தொடக்கத்தில் அளவியும் அதனுடனேயே பின்னால் போயிற்று. 1920களின் பல கார்களில் அளவி டேங்கின் மேலேயே பொருத்தப்பட்டிருந்தது. ஓட்டுநர் இறங்கிப் பின்னால் நடந்து போய்ப் பார்த்து வர வேண்டும். அறிய வேண்டியவனுக்கும் அறியப்பட வேண்டிய பொருளுக்கும் இடையில் இப்போது ஒரு தொலைவு வந்துவிட்டது. தொலைவு வந்தால் தூதும் வேண்டும்.

முல்லைப்பாட்டில், பாசறையில் இருக்கும் அரசனுக்கு நாழிகைக் கணக்கர் பொழுதை அறிவிக்கும் காட்சி வருகிறது. வட்டிலில் நீரின் அளவைப் பார்ப்பவர்கள் அவர்கள், அரசன் பார்ப்பதில்லை. அவர்கள் சொல்வதை அவன் கேட்கிறான். வட்டில் சரியாக இருந்து கணக்கர் தவறினாலும், கணக்கர் விழித்திருந்து வட்டில் பழுதுபட்டாலும் அரசனுக்குக் கிடைப்பது ஒரே தவறான பொழுதுதான். அதில் எது பிழைத்தது என்பதைத் தன் இருக்கையில் இருந்தபடியே அவனால் கண்டுபிடிக்க முடியாது. டாஷ்போர்டுக்கு முன்னால் அமர்ந்திருக்கும் ஓட்டுநரின் நிலையும் இதுவே.

முதல் தூது காற்றின் வழியாக நடந்தது. அமெரிக்காவின் கிங் சீலி நிறுவனம் செய்த அளவி 1932ஆம் ஆண்டின் ஃபோர்டு கார்களில் பொருத்தப்பட்டது. டேங்குக்குள் இருக்கும் ஒரு குழாயில் அடைபட்ட காற்றைப் பெட்ரோலின் ஆழம் அழுத்தும். அந்த அழுத்தம் மெல்லிய குழாய் வழியே டாஷ்போர்டு வரை வந்து, அங்கே கண்ணாடிக் குழலில் இருக்கும் கனமான சிவப்புத் திரவத்தை மேலே தள்ளும். உடலின் வெப்பத்தைப் பாதரசம் சொல்வது போலப் பெட்ரோலின் அளவைச் சிவப்புத் திரவம் சொல்லிற்று. அழகான ஏற்பாடு. ஆனால் அந்தக் குழாயில் ஊசி முனையளவு துளை விழுந்தால் போதும், காற்று கசிந்து, நிறைந்த டேங்கையும் வெறுமையாகக் காட்டிவிடும்.

பிறகு மின்சாரம் வந்தது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகின் பெரும்பாலான கார்களில் நிலைத்த முறை அதுதான். டேங்குக்குள் ஒரு மிதவை. மிதவை ஒரு கம்பிக் கையின் நுனியில் இருக்கிறது. பெட்ரோலின் மட்டம் ஏறி இறங்க, கையின் மறுமுனை ஒரு மின்தடைச் சுருளின் மேல் நகர்கிறது. எந்த இடத்தில் அது தொடுகிறதோ அதைப் பொறுத்துச் சுற்றில் ஓடும் மின்னோட்டம் கூடும் அல்லது குறையும். டாஷ்போர்டில் இருக்கும் முள் அந்த மின்னோட்டத்துக்கேற்ப அசைகிறது. நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் டேங்கில் இருக்கும் பகுதியை 'டேங்க் யூனிட்' என்றும், டாஷ்போர்டில் இருப்பதை 'மீட்டர்' என்றும் சொல்வார்கள்.

இந்தச் சொற்களுக்குள்ளும் ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்கர்கள் டேங்கில் இருக்கும் உறுப்பைச் 'சென்டர்' என்பார்கள். வண்டியின் உடலோடு மின்சுற்றை இணைப்பதைக் 'கிரவுண்ட்' என்பார்கள். நம் மெக்கானிக்குகள் 'எர்த்' என்கிறார்கள். என்ஜின் மூடியை 'ஹூட்' என்னாமல் 'பானெட்' என்கிறார்கள். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்த அம்பாஸடரும், ட்ரையம்ஃப் ஹெரால்டிலிருந்து பிறந்து சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டும், 1961இல் பாடியில் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் தொழிற்சாலையும் பிரிட்டிஷ் வழியில் வந்தவை. வண்டிகள் வந்த வழியே சொற்களும் வந்தன. கிராமத்து மெக்கானிக் ஒருவரின் வாயில் ஒரு தொழில்மரபின் வம்சாவளி முழுவதும் புழங்கிக்கொண்டிருக்கிறது.

*

முள்ளை அசைப்பதற்கு இரண்டு வழிகள் கையாளப்பட்டன. ஒன்று, இரண்டு கம்பிச் சுருள்களுக்கு நடுவே ஒரு காந்த முள்ளை நிறுத்தி, இரு காந்தங்களின் இழுபறியில் அதை நிற்கச் செய்வது. பேட்டரியின் வலு கூடினாலும் குறைந்தாலும் இரு சுருளுக்கும் அது பொது என்பதால் காட்டும் அளவு பெரிதாக மாறாது. மற்றொன்று, வெவ்வேறு அளவில் விரிவடையும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டையின் மீது மின்கம்பியைச் சுற்றி, அந்தச் சூட்டில் பட்டை வளைவதைக் கொண்டு முள்ளை நகர்த்துவது. இது மெதுவாகவே நகரும். சாவியைத் திருப்பியதும் முள் சோம்பல் முறித்து எழுவது இதனால்தான். அந்தச் சோம்பல் ஒரு நன்மையும்கூட. வளைவுகளில் பெட்ரோல் டேங்குக்குள் அலைபாயும்போது, முதல் வகை முள் கூடவே துள்ளும். இரண்டாம் வகை அசையாமல் நிற்கும்.

சூட்டை நம்பிய முள்ளுக்கு ஒரு பலவீனம் உண்டு. பேட்டரியின் வலு மாறினால் சூடும் மாறும். ஆகவே 1960களின் பிரிட்டிஷ் கார்களில் டாஷ்போர்டின் பின்னால் ஒரு சின்னத் தகரப் பெட்டியைப் பொருத்தினார்கள். அதற்குள்ளும் ஒரு இரட்டை உலோகப் பட்டை. அது சூடானால் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆறினால் மறுபடி இணைக்கும். ஓயாமல் நடக்கும் இந்தச் சேர்தலும் பிரிதலும் சராசரியாகப் பத்து வோல்ட்டை மீட்டர்களுக்குத் தரும். பெட்ரோல் மீட்டரும் வெப்ப மீட்டரும் இந்த ஒரே பெட்டியை நம்பியே வாழ்கின்றன.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. அமெரிக்காவின் இரு பெரும் நிறுவனங்களும் ஒன்றுக்கொன்று எதிரான ஏற்பாட்டைக் கையாண்டன. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் டேங்க் காலியானால் மின்தடை சுழியம். நிறைந்தால் 90 ஓம். ஃபோர்டில் காலியானால் சுமார் 73 ஓம். நிறைந்தால் சுமார் 10 ஓம். இரண்டுமே நன்றாக வேலை செய்தன. ஆனால் ஒயர் அறுந்துபோனால் இரண்டும் எதிரெதிராகப் பொய் சொல்லும். ஒயர் அறுந்த ஜெனரல் மோட்டார்ஸ் வண்டியில் முள் நிறைவுக் கோட்டையும் தாண்டிப் போய் நிற்கும். ஃபோர்டிலோ காலி என்று விழுந்துவிடும். பிரிட்டிஷ் வண்டிகளில் இருந்த ஸ்மித்ஸ் மீட்டர்களும் இந்த வகையில் ஃபோர்டின் பக்கமே.

எந்தப் பொய் மேலானது? காலி என்ற பொய்யை நம்பியவன் வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நின்று, டேங்க் நிறைந்திருப்பதைக் கண்டு, முள் கெட்டுவிட்டது என்று தெரிந்துகொண்டு போவான். நிறைவு என்ற பொய்யை நம்பியவன் நள்ளிரவில் நடுச்சாலையில் நிற்பான். இந்த நோக்கில் ஃபோர்டு வழியே நல்லது என்று தோன்றும். ஆனால் ஃபோர்டு வழியிலும் ஓர் ஓட்டை உண்டு. ஒயர் அறுவதற்குப் பதிலாக, அதன் மேலுறை தேய்ந்து வண்டியின் உடலில் பட்டுவிட்டால், மின்தடை சுழியமாகி முள் நிறைவைக் காட்டும். முறிவின் வகை மாறினால் பொய்யின் திசையும் மாறுகிறது.

*

பழைய வண்டிகளை இன்று மீட்டெடுத்து ஓட்டுகிறவர்கள் பலர். அவர்கள் அடிக்கடி சந்திக்கும் நோய்களில் ஒன்று இந்த முள்ளின் நோய். மேலே சொன்ன வரலாற்றை அறிந்தவருக்கு அதன் மருத்துவமும் எளிதில் விளங்கும். பிரிட்டிஷ் வழி வண்டியையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் வெப்ப மீட்டரைப் பார்க்க வேண்டும். அதுவும் பெட்ரோல் மீட்டரைப் போலவே தவறாகக் காட்டினால், இரண்டும் ஒரே நாளில் தனித்தனியே கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டுக்கும் பொதுவான அந்தத் தகரப் பெட்டியைத்தான் ஐயுற வேண்டும். அது தன் உடலின் வழியாகவே எர்த் பெறுகிறது. அதன் திருகு தளர்ந்தாலோ துருப்பிடித்தாலோ உள்ளிருக்கும் பட்டை சூடேறாது, மின்சாரத்தைத் துண்டிக்காது, பேட்டரியின் முழு வலுவும் மீட்டர்களுக்குப் போய் இரண்டு முள்ளும் அளவுக்கு மேல் ஏறி நிற்கும்.

வெப்ப மீட்டர் ஒழுங்காக இருந்தால் டேங்க் யூனிட்டுக்குப் போக வேண்டும். அதிலிருக்கும் ஒயரைக் கழற்றிவிட்டு, சாவியைத் திருப்பி முள்ளைக் கவனிக்க வேண்டும். முள் காலிக்கு இறங்க வேண்டும். இறங்காமல் மேலேயே நின்றால், டேங்குக்கும் டாஷ்போர்டுக்கும் இடையில் எங்கோ ஒயர் வண்டியின் உடலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இறங்கினால், அடுத்து அந்த ஒயரின் நுனியை வண்டியின் வெற்று உலோகத்தில் ஓரிரு நொடி மட்டும் தொட வேண்டும். முள் நிறைவை நோக்கி எழுந்தால் மீட்டரும் ஒயரும் குற்றமற்றவை. பிழை டேங்கின் பக்கம். எழாவிட்டால் பிழை மீட்டரிலோ, ஒயரிலோ, மீட்டருக்கு வரும் மின்சாரத்திலோ இருக்கிறது. நுனியை அதிக நேரம் தொட்டு வைத்தால் நல்ல மீட்டரும் எரிந்துபோகும். டேங்க் திறந்திருக்கும்போதோ பெட்ரோல் வாடை வீசும்போதோ இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. ஒரு சிறு பொறி போதும்.

இந்தச் சோதனையின் சாரம் ஒன்றுதான். தூதும் தூதனுப்பியவனும் சேர்ந்து நிற்கும்போது யார் பொய்யர் என்பது தெரியாது. நடுவில் பிரித்து, இருவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும்.

பிழை டேங்கின் பக்கம் என்று தெரிந்ததும் பலர் உடனே டேங்க் யூனிட்டைக் கழற்றிவிடுகிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. யூனிட்டின் உடலிலிருந்து வண்டியின் சட்டத்துக்குத் தனியாக ஓர் ஒயரை இணைத்துப் பார்க்க வேண்டும். முள் உயிர்பெற்றால் யூனிட் நலமாக இருக்கிறது, எர்த்தான் இல்லை. புதிதாக மீட்டெடுத்த வண்டிகளில் இது மிகுதி. டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்து, பளபளப்பாக வண்ணம் பூசி, புதிய ரப்பர் வளையம் வைத்துப் பூட்டுகிறார்கள். பழைய துருவுக்கு நடுவிலும் எங்கோ உலோகத்தோடு உலோகம் தொட்டுக்கொண்டிருந்த இடத்தைப் புது வண்ணம் மூடிவிடுகிறது. சிறிது உப்புத்தாள் கொண்டு தேய்த்தாலே போதும் என்ற நிலையில் புது யூனிட் வாங்கியவர்கள் உண்டு.

அதன் பிறகும் தீராவிட்டால் யூனிட்டை வெளியே எடுத்து, மல்டிமீட்டரை இணைத்து, கையை மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பார்க்கலாம். எண்கள் சீராக மாற வேண்டும். இடையில் துள்ளினால் சுருள் தேய்ந்திருக்கிறது. பிறகு மிதவை. பித்தளை மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினால், உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் சத்தம் கேட்கும். சுடுநீரில் அமிழ்த்தினால் துளை இருக்கும் இடத்தில் குமிழ் வரும். ஓட்டை மிதவை தன் எடையால் மூழ்கி, டேங்க் நிறைந்திருந்தாலும் காலி என்றே சொல்லும். அதிலிருக்கும் பெட்ரோல் முழுவதையும் வடித்து ஆவியும் போன பிறகே ஈயம் வைத்துப் பற்ற வேண்டும்.

இன்னும் பழைய வண்டிகளில் மிதவை தக்கையால் ஆனது. பெட்ரோல் ஊறாமல் இருக்க அதன் மீது அரக்கைப் பூசியிருப்பார்கள். பெட்ரோலில் அரக்கு கரையாது. ஆனால் சாராயத்தில் கரையும். மரவேலைக்காரர்கள் அரக்கைச் சாராயத்தில் கரைத்துத்தான் மெருகெண்ணெய் செய்கிறார்கள். இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025இல் 20 விழுக்காட்டை எட்டிவிட்டது. எண்பது ஆண்டுகள் பழுதின்றி மிதந்த தக்கை இப்போது மெல்ல ஊறிக் கனத்து மூழ்குவதில் வியப்பில்லை. அளவியில் ஒரு குற்றமும் இல்லாமல், அது அளக்கும் பொருளே மாறிவிட்டதால் அது பொய்யாகிறது.

*

முள்ளே வேண்டாம் என்று முடிவு செய்தவர்களும் இருந்தார்கள். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் 1962 மாடல் வரும்வரை பெட்ரோல் முள் கிடையாது. அதற்குப் பதிலாகக் காலருகே ஒரு திருகுமுனை இருந்தது. என்ஜின் திணறத் தொடங்கியதும் காலால் அதைத் திருப்பினால், டேங்கின் அடியில் ஒதுங்கியிருக்கும் சுமார் ஐந்து லிட்டர் பாயத் தொடங்கும். நம் ஊரில் ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும் ஓட்டிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "வண்டி ரிசர்வில் ஓடுகிறது" என்ற தொடர் அங்கிருந்துதான் வந்து, மாதக் கடைசியில் சம்பளத்தைப் பற்றிப் பேசவும் பயன்பட்டது.

இந்த முறை பொய் சொல்லாது என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். அது உண்மையன்று. பெட்ரோல் போட்ட பிறகு திருகுமுனையைப் பழைய இடத்துக்குத் திருப்ப மறந்துவிட்டால், அடுத்த முறை என்ஜின் திணறும்போது ஒதுக்கி வைத்தது என்று எதுவும் மிஞ்சியிருக்காது. அங்கே மறதிதான் பழுது.

அளவி பழுதுபட்டதால் மனிதர்கள் சந்தித்த பேராபத்துகளில் மிகவும் பேசப்பட்டது ஒரு காரில் நடந்ததன்று. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் 143ஆம் விமானம், புத்தம்புது போயிங் 767, எரிபொருள் அளவிகள் இருண்ட நிலையில் மான்ட்ரியாலிலிருந்து புறப்பட்டது. எரிபொருளைக் கணக்கிடும் கருவியில் ஒரு பற்றுவைப்பு சரியாகப் பிடிக்காததே மூலக் காரணம். டேங்கில் இருப்பதைக் கோல் கொண்டு அளந்தார்கள்: 7,682 லிட்டர். தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக மாற்ற 0.803 ஆல் பெருக்க வேண்டும். அவர்கள் பழைய பழக்கத்தில், பவுண்டுக்கு உரிய 1.77 ஆல் பெருக்கினார்கள். 13,597 என்று வந்தது. கிலோ என்றே அதை எடுத்துக்கொண்டு, மீதிக்கு 4,917 லிட்டர் மட்டும் நிரப்பினார்கள். உண்மையில் நிரப்ப வேண்டியிருந்தது 20,088 லிட்டர். தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு போன விமானத்தின் இரண்டு என்ஜின்களும் வானத்திலேயே நின்றன. கிளைடர் ஓட்டிப் பழகியிருந்த கேப்டன் ராபர்ட் பியர்சன், கிம்லி என்ற ஊரில் கார்ப் பந்தயத் திடலாக மாறியிருந்த ஒரு பழைய விமானத்தளத்தில் அதை இறக்கினார். பயணிகள் 61 பேரும் ஊழியர்கள் 8 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

முள் இருண்டபோது கோலை எடுத்தது சரியான செயல். ஆனால் கோல் லிட்டரைச் சொன்னது, தேவை கிலோவில் இருந்தது. அந்த இடைவெளியில் நுழைந்த பிழையை ஒருவரும் பிரித்துப் பார்த்து விசாரிக்கவில்லை.

இதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னால், 1978 டிசம்பர் 28 அன்று, அமெரிக்காவின் போர்ட்லாண்டு நகரருகே யுனைடெட் ஏர்லைன்ஸின் 173ஆம் விமானம் விழுந்தது. அங்கே அளவிகள் வேலை செய்துகொண்டிருந்தன. இறங்கு சக்கரத்தில் ஏதோ கோளாறு என்று ஐயுற்ற கேப்டன், அதிலேயே கருத்தாக ஏறத்தாழ ஒரு மணி நேரம் வட்டமிட்டார். எரிபொருள் குறைந்துவருவதை உடனிருந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் அவரை மறித்து உரக்கச் சொல்லும் துணிவு அவர்களுக்கு வரவில்லை. விமானத்தில் இருந்த 189 பேரில் 10 பேர் இறந்தார்கள். மேலதிகாரியிடம் கீழ்நிலை ஊழியர் உறுதியாகப் பேசுவதற்கும், மேலதிகாரி காதுகொடுத்துக் கேட்பதற்கும் விமானக் குழுவினருக்குப் பயிற்சி தரும் வழக்கம் வேரூன்ற அந்த விபத்து முக்கியக் காரணமாயிற்று. முள் உண்மை சொன்னாலும், கேட்பதற்கு ஆள் வேண்டும்.

*

எங்கள் வண்டிக்கு வருகிறேன். அடுத்த வாரம் பெரியப்பா அதை ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனார். அவர் டேங்க் யூனிட்டின் ஒயரைக் கழற்றினார். முள் இறங்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து, ஒயர் போகும் வழியைக் கையால் தடவிக்கொண்டே வந்தார். பின் சக்கரத்துக்கு மேலே, ஒரு தகட்டின் விளிம்பில் மேலுறை தேய்ந்து செம்பு வெளியே தெரிந்தது. அது வண்டியின் உடலில் பட்டுக்கொண்டிருந்தது. கறுப்பு டேப்பைச் சுற்றி, ஒரு ரப்பர் துண்டை இடையில் வைத்துக் கட்டினார். பத்து நிமிட வேலை. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மீட்டரே போயிருக்கும் சார்" என்றார்.

அதற்குப் பிறகு அந்த முள் ஒழுங்காகவே காட்டியது. ஆயினும் பெரியப்பா மூங்கிலைச் சீவி ஒரு கோல் செய்து, ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி ஊற்றி அதில் கோடு போட்டு, டிக்கியில் வைத்துக்கொண்டார். வெளியூர்ப் பயணத்துக்கு முன்னால் முள்ளையும் பார்ப்பார், கோலையும் விட்டுப் பார்ப்பார். கூடவே அண்ணனைக் கூப்பிட்டு, "நேற்று எவ்வளவு போட்டாய்?" என்றும் கேட்பார். முதல் இரண்டும் ஒத்துப்போன பிறகும் மூன்றாவதை அவர் விட்டதில்லை. அவர்கள் இருவரும் அதற்கு முன்னால் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

வண்டியை விற்று வெகுநாளாகிறது. வாங்கியவர் கோலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது இன்னும் தஞ்சாவூர் வீட்டின் கொல்லையில், தண்ணீர்த் தொட்டியின் அளவு பார்க்கப் பயன்பட்டுக்கொண்டிருக்கிறது. கோடுகள் பெட்ரோல் லிட்டருக்குப் போட்டவை, தண்ணீர்த் தொட்டிக்குப் பொருந்தாதவை. ஆனால் எந்தக் கோடு வரை நனைந்தால் மோட்டார் போட வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.